ஐஸில் வைக்காத குழாய்கள்

17 ஆகஸ்ட் 2000, ஆண்டர்சன்பேட்டை

மாலை ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், எலிக்குட்டிகளின் மூளைத் திசு இருந்த குழாய்களை ஐஸில் வைக்காமல் பெங்களூர் ஆய்வக மேசையிலேயே விட்டுவிட்டேன். பங்காருப்பேட்டையில்தான் நினைவு வந்தது. இறங்கி எஸ்டிடி பூத்திலிருந்து ஆய்வகத்துக்கு ஃபோன் செய்து, யாரையாவது ஐஸில் வைக்கச் சொல்லியிருக்கலாம். பேராசிரியருக்குத் தெரிந்துவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன்.

மரபணு இயங்குவதைக் காட்டும் ஆர்என்ஏ இந்நேரம் சிதைந்திருக்கும்; சோதித்தால் அந்த மரபணு அடங்கியதாகவே தெரியும். பிறந்த குட்டியின் மூளையில் மும்முரமாக இயங்கும் மரபணு, வளர்ந்த குட்டியில் அடங்கிவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. மேசையில் விட்டுக் கெட்டவை வளர்ந்த குட்டிகளுடையவை மட்டும். நான் வாயே திறக்காவிட்டாலும் அவர் நினைத்த முடிவுதான் வரும். அது தோன்றியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் கூசுகிறது.

ஸ்டேஷனில் அப்பா சைக்கிளோடு நின்றிருந்தார்.

"இன்னாம்மா, உன் எலிக்குட்டிங்கல்லாம் சௌக்கியமா?" தினமும் கேட்கிற கேலி.

"சௌக்கியம்பா."

"சீக்கிரம் பெருசாக்கு. நம்ம வூட்டுப் பூனை காத்துக்கினு கீது."

நானும் சிரித்தேன். காலையில் அவற்றைக் கொன்றதே நான்தான்.

உண்மையைச் சொன்னால் சோதனையை மறுபடி செய்ய நாளை இன்னொரு தாயின் குட்டிகளைக் கொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவை பிழைக்கும். அந்த உயிர்களையே சாக்காக்கப் பார்க்கிறேன்.

சொல்லிவிடத்தான் வேண்டும். நாளை மாலையும் அப்பா, எலிக்குட்டிகள் சௌக்கியமா என்று கேட்பார்.