அதிசயமாகத் தப்பினார்கள்

மார்ச் 4
ஆறாம் மாடியிலிருந்து லிஃப்ட் சறுக்கிவிட்டது. மோட்டார் பிரேக் தேய்ந்திருக்கிறது. வேகம் கூடியதும் பெட்டியின் அடியில் இரண்டு பக்கமும் உள்ள கவ்விகள் தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தின. உள்ளே நாலு பேர். ஒருத்தி என் அக்கா. அந்த மாடியில்தான் அவள் அலுவலகம். கதவை நெம்பித் திறந்து நான்தான் கை கொடுத்தேன். வெளியே வந்ததும் கேட்டாள்: "நீ லிஃப்ட் பாக்குற லட்சணம் இதானாடா?"
திட்டத் தெம்பிருக்கிறது. போதும்.

மார்ச் 5
கட்டட மேனேஜரின் விபத்து அறிக்கை வந்தது. 'நால்வரும் அதிசயமாகத் தப்பினார்கள்.' காலையிலிருந்து அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். பெற்றவள், சொல்லலாம். மேனேஜர் சொல்லலாமா? பிடிக்கத்தான் கவ்வி; பிடித்தது. உலை வைத்தால் சோறு வேகாதா? அதிசயமாக வெந்தது என்றா சொல்வோம்?
'அதிசயமாக' என்பதை அடித்துவிட்டுக் கொடுத்தேன். "ஒரு வார்த்தைக்கு இவ்ளோ மல்லுக்கட்டா தம்பி?" என்று சிரித்தார்.
பக்கத்து லிஃப்ட் இன்னும் ஓடுகிறது. அதே வயது, அதே பிரேக், அதே கவ்வி. நிறுத்தச் சொன்னேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 6
சறுக்கிய லிஃப்ட்டின் அடியில் படுத்துப் பார்த்தேன். இடது கவ்வி துருவேறி இறுகிக் கிடக்கிறது, அசையவே இல்லை. கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நான் கேட்டபோதெல்லாம் 'அப்புறம் பாக்கலாம்' என்ற மேனேஜரின் புண்ணியம். வலது ஒன்றே அத்தனை பாரத்தையும் தாங்கியிருக்கிறது. கணக்குப் போட்டேன். மறுபடி போட்டேன்.
தாங்கியிருக்க வழியே இல்லை.
அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

மார்ச் 7
எல்லாம் தலைகீழ். அந்தச் சொல்லை நானே திரும்ப எழுதினேன். இப்போது அடிக்கச் சொல்வது மேனேஜர். 'கவ்விகள் முறையாக வேலை செய்தன' என்று போட வேண்டுமாம்.
"நீதானப்பா வேணாம்னே?"
"பிடிக்க வேண்டியது பிடிச்சா அது வேலை சார். பிடிக்க வழியில்லாதது பிடிச்சிருக்கு. அதுக்குத்தான் அந்த வார்த்தை. அத நம்பி இன்னொரு தடவ ஆள ஏத்த முடியாது."
வேலை போகும் என்றார். போகட்டும். பக்கத்து லிஃப்ட்டின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டினேன். சாவி என்னிடம்.

மார்ச் 8
படியில் போகிறவன் வருகிறவனெல்லாம் என்னைத் திட்டுகிறான். அக்காவும்தான். ஏறட்டும்.

மார்ச் 11
மேனேஜர் மூச்சு வாங்க மேலே வந்தார். பூட்டிய லிஃப்ட்டின் கவ்விகளைக் கழற்றி அவர்முன் வைத்தேன். இரண்டும் இறுகிப்போயிருந்தன. ஒன்றை எடுத்து அசைத்துப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.
"ரெண்டு லிஃப்ட்டுக்கும் புதுசு சொல்லிடு" என்றார். கவ்வியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல்: "நீ பூட்டுன அன்னிக்குக் காலைலகூட நான் இதுலதான் வந்தேன்."