யார் கை காட்டினாலும்

ஜூன் 12

அன்புள்ள அம்மா,

நலம். நீ நலமா? உறைக்கு மேலே 'சித்தி' என்று போட்டுவிட்டேன், நீ சொன்னபடி. விடுதியிலும் சித்திதான் என்னைப் படிக்கவைக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஆனால் உள்ளே அம்மா என்றுதான் எழுதுவேன். அதையும் விடச் சொன்னால் கடிதமே கிடையாது.

இங்கே கைபேசி கூடாது. வார்டன் அறையில் ஒரு போன் இருக்கிறது, பேசினால் அவர் காது நம் வாய்க்குள்ளேயே இருக்கும். அதனால் கடிதம்தான். அதுவும் நல்லதுதான், எனக்கு வாயில் வராததெல்லாம் பேனாவில் வரும். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது நான் "உள்ளேன் மிஸ்" என்று சொல்வது எனக்கே கேட்பதில்லை. பாதி நாள் நான் வரவில்லை என்றே குறித்துவிடுகிறார்கள். 'கப்சிப்' என்று பட்டப்பெயரும் வைத்தாகிவிட்டது. அறைத்தோழிக்குப் பெயர் 'ரேடியோ'. அவளை அணைக்கப் பொத்தான் கிடையாது.

இனிமேல் வருவதைப் படிப்பதற்கு முன்னால் தண்ணீர் குடி. திட்டாதே.

நேற்று சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்கார அம்மா கொதிக்கிற தண்ணீரை அண்டாவோடு தூக்கிக்கொண்டு வந்தார். கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். தண்ணீர் அத்தனையும் அவர் மேலேதான் வந்தது. நான் "நில்" என்றேன். சத்தியமாக யோசிக்கவில்லை அம்மா. தண்ணீர் ஆவி பறக்க அப்படியே காற்றில் நின்றது. அவர் புரண்டு விலகும் நேரம்தான் நின்றது, பிறகு தரையில் கொட்டிவிட்டது. அவர் "கடவுள்தான் காப்பாத்தினாரு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார். ஆனால் ரேடியோ பார்த்துவிட்டாள்.

யார் முன்னாலும் செய்யமாட்டேன் என்று உனக்குச் செய்து கொடுத்த சத்தியம் போயிற்று. பயமாக இருக்கிறது.

அடுத்த மாதக் கடைசியில் பெற்றோர் நாள். சித்தியாகவாவது வாயேன்.

உன் மகள்


ஜூன் 17

அன்புள்ள குட்டிக்கு,

தண்ணீர் குடித்துக்கொண்டேதான் படித்தேன். புரையேறிவிட்டது.

உன்னைத் திட்டி என்ன செய்வது, என் தலையில்தான் அடித்துக்கொள்ள வேண்டும். எல்லாம் மறந்துபோயிற்றா? ஆறு வயதில் தெருவில் ஓடிவந்த லாரியை நிறுத்தினாய். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? மறுநாள் விடிந்தால் வாசலில் வரிசை. ஓடிப்போன மருமகனை நிறுத்து என்று ஒருத்தர். நோயில் கிடந்த புருஷனின் உயிரை நிறுத்திவை என்று ஒருத்தி. நீ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "நில், நில்" என்று அழுதாய். உயிர் நிற்குமா? அவர் போனதும் அதே ஜனங்கள் நம் வீட்டுமேல் கல்லெறிந்தார்கள். அந்த ஊரை விட்டோம். அடுத்த ஊரிலும் கண்டுபிடித்தார்கள், அதையும் விட்டோம். ஒரு அம்மாவும் பெண்ணும் என்றுதானே தேடுகிறார்கள், இனி அம்மா வேண்டாம், சித்தி போதும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். எனக்கு மட்டும் அது இனிக்கிறதா?

அந்தப் பெண் ரேடியோ வாயைத் திறந்தால் சொல், மூட்டையைக் கட்டிவிடலாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

என் பாடு வழக்கம்போல. காலையில் கிரேன் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவது. மத்தியானம் கயிற்றில் பையை இறக்குவேன், டீக்கடை அக்கா சாப்பாட்டை வைத்து இழுக்கச் சொல்வார். நேற்று நான் கம்பிக்கட்டைத் தூக்கும்போது அவர் ஓடிவந்து இரண்டு கையையும் அகல விரித்தார். நிறுத்திவிட்டேன். பார்த்தால் ஒரு கட்டு அவிழ்ந்திருந்தது. சூப்பர்வைசர் கத்தினார்: "டீ விக்கிறவங்க கை காட்டினா கிரேனை நிறுத்துவியா?" நிறுத்துவேன். ஏற்று, இறக்கு என்பதெல்லாம் கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்காரர் மட்டும்தான் காட்டலாம். நிறுத்து என்பதை யார் காட்டினாலும் கட்டுப்பட வேண்டும். கிரேன் வேலையில் அது சட்டம்.

பிரேக்தான் இரண்டு நாளாக லேசாக வழுக்குகிறது. சொல்லியிருக்கிறேன்.

கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
சித்தி


ஜூன் 24

அன்புள்ள அம்மா,

கிழிக்கவில்லை. உன் கையெழுத்தைக் கிழிக்க எனக்கு மனசு வராது.

ரேடியோ யாரிடமும் சொல்லவில்லை. ஊர்க்கதையெல்லாம் பேசுகிறவள் இதை மட்டும் விழுங்கிவிட்டாள். அதற்குப் பதிலாக என் உயிரை வாங்குகிறாள். தினமும் சாயங்காலம் துணி காயப்போடும் மாடிக்கு இழுத்துப்போய் ஒவ்வொன்றாகத் தூக்கி எறிகிறாள். தலையணை, செருப்பு, வாளி. நேற்று வார்டனின் குடை.

ஒன்று கண்டுபிடித்தோம் அம்மா. முணுமுணுத்தால் ஒரு நொடிதான் நிற்கிறது. குரல் உயர உயர அதிக நேரம் நிற்கிறது, பெரிய பொருளும் நிற்கிறது. வாளி நிறையத் தண்ணீரை அவள் வீசியதும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், ரேடியோ அடியில் குனிந்து போய்த் திரும்பி வரும்வரை நின்றது! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதைப் பார்த்து நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

ஆனால் கத்த வரவில்லை. தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது. "கொட்டாவி விட்டாக்கூட உன்னைவிட சத்தம் வரும்டி. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும், கேள்விப்பட்டதில்லையா?" என்கிறாள்.

பிரேக்கைச் சரிசெய்தார்களா? அதை ஏன் ஒரே வரியில் எழுதி முடித்தாய்?

உன் மகள்


ஜூலை 1

குட்டிக்கு,

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறாள் அந்தப் பெண். நுணலும் தன் வாயால் கெடும் என்று அவளிடம் சொல். மாடிக்குப் போவது இன்றோடு நிற்க வேண்டும்.

பிரேக்கைப் பார்க்க ஆள் வந்தார். டப்பாவைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, உள்ளே இருப்பதை மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார். ஜெனரேட்டரைப் புதுக் கட்டடத்தின் மொட்டைமாடிக்கு ஏற்றிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் சூப்பர்வைசர். அது ஜூலை 14 காலை. நான் இதுவரை தூக்கியதிலேயே பெரிய பாரம். தெருவுக்கு மேலே சுற்றித்தான் போக வேண்டும். தெருவை அடைக்க அனுமதி கிடைக்கவில்லையாம், கீழே கடைகள் திறந்துதான் இருக்கும்.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், "பயமா இருந்தா இறங்கிக்கம்மா, வேற ஆள் இருக்கு" என்றார். வேறு ஆளுக்கு இந்த கிரேனின் கோணல் தெரியாது. பெரிதாகச் சண்டை போட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், யார் இவள், எங்கிருந்து வந்தாள் என்று கிளறுவார்கள். வேண்டாம். மெதுவாகத் தூக்கினால் தாங்கும். தாங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சித்தி


ஜூலை 6

அம்மா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபமாக வருகிறது. உன்மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை.

நான் பிறவியிலேயே கூச்சக்காரி என்று நினைத்திருந்தேன். இல்லை. நீதான் சொல்லிச் சொல்லி வளர்த்தாய்: "சத்தம் போடாதே, யாராவது பார்க்கப்போறாங்க." இப்போது நீயே அப்படி ஆகிவிட்டாய். தலைக்கு மேலே சாவு தொங்குகிறது, யாராவது திரும்பிப் பார்ப்பார்களே என்று உனக்குக் கவலை!

நிறுத்து என்று யார் காட்டினாலும் கட்டுப்பட வேண்டும் என்று எழுதினாயே, அந்த 'யார்' என்பதில் நீ இல்லையா? நீ சொல்லு அம்மா. தூக்கமாட்டேன் என்று சொல்லு. நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன்.

இன்றைக்கு வகுப்பில் பெயர் கூப்பிட்டார்கள். உன்மேல் இருந்த கோபத்தில் "உள்ளேன் மிஸ்!" என்று போட்டேன் ஒரு போடு. மிஸ்ஸின் பேனா கீழே விழுந்துவிட்டது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை. யாரும் கல் எறியவில்லை.

உன் மகள்


ஜூலை 10

வராதே.

அந்தக் கல்லடி உன் நெற்றியில் தழும்பாக இருக்கிறது, எனக்கு நெஞ்சில் இருக்கிறது. ஜெனரேட்டர் என்ன வாளியா? உன் குரல் பற்றாமல் போனால் அடியில் நிற்பது நீதான். பற்றினால் ஊரே உன்னைப் பார்க்கும். இரண்டும் எனக்கு வேண்டாம்.

என் பேச்சை மீறி வந்தால் என் முகத்தில் விழிக்காதே.

சித்தி


ஜூலை 14, காலை

அம்மா,

இதை டீக்கடை அக்காவிடம் கொடுத்து, உன் பையில் வைக்கச் சொல்கிறேன். நீ ஏற்கெனவே மேலே ஏறிவிட்டாய். உள்ளே விடக் காவலாளி மறுத்துவிட்டார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சொன்னேன், நன்றாகவே சத்தமாகச் சொன்னேன். "போய்ப் படிம்மா" என்றார். சித்திக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித்தான் விடுப்பு வாங்கினோம். இல்லாத சித்திக்கு இதுவரை ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை, பாவம்.

ரேடியோவும் கூட வந்திருக்கிறாள். கடைக்காரர்களிடம் உள்ளே போகச் சொல்லிப் பார்த்தோம், "வேலையைப் பாரும்மா" என்கிறார்கள். எதிரே மருந்துக்கடையில் கூட்டம். ஒரு அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாரம் சரியாகக் கடக்கப்போகிற இடத்தில்தான் நிற்கிறாள்.

உன் முகத்தில் விழிக்கவில்லை. இங்கிருந்து பார்த்தால் நீ ஒரு புள்ளிதான்.

நான் தடுப்புக்குப் பக்கத்தில், உனக்குத் தெரிகிற மாதிரி நிற்பேன். இரண்டு கையையும் விரிப்பேன். அது என் சக்தி இல்லை அம்மா, எல்லாருக்கும் உள்ள சைகைதான். அதற்கு நீ கட்டுப்பட்டால் போதும், நான் வாயே திறக்க வேண்டியதில்லை. கட்டுப்படாவிட்டால்தான் கத்துவேன். பற்றுமா என்று தெரியாது. நான் இதுவரை நிறுத்தியதில் பெரியது அந்த லாரிதான், அப்போது எனக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. இப்போது நன்றாகத் தெரியும்.

ஆனாலும் இங்கேதான் நிற்பேன்.

உன் மகள்


ஜூலை 15

என் கண்ணே,

நேற்றிலிருந்து எழுதி எழுதிக் கசக்கிப் போடுகிறேன். உனக்குப் பேனாவில் வருவது எனக்கு வராது.

அக்கா கையசைத்துப் பையை இறக்கச் சொன்னார், உன் கடிதத்தை மேலேயே படித்தேன். மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். கீழே பார்த்தேன். கையை விரித்துக்கொண்டு நின்றாய். பார்க்காத மாதிரி லீவரைத் தள்ளினேன். டீ விற்கிறவர் கைக்குக் கட்டுப்பட்டவள், பெற்ற பெண் கைக்குக் கட்டுப்படவில்லை. நிறுத்தினால் நீ யார் என்று கேட்பார்களே என்ற ஒரே பயம். இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

பாரம் தெருவுக்கு மேலே வந்ததும் பிரேக் விட்டுவிட்டது. கயிறு விர்ரென்று ஓடுகிறது, நான் இழுக்காத லீவர் இல்லை. என் கண்முன்னால் அது இறங்குகிறது, அடியில் அந்த அம்மாவும் குழந்தையும், பக்கத்தில் நீ. கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது கேட்டது. "நில்!"

அவ்வளவு உயரத்துக்கு, காற்றையும் கண்ணாடியையும் தாண்டி வந்து கேட்டது. உன்னைப் பெற்றவள் நான், உன் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். கண்ணைத் திறந்தால் ஜெனரேட்டர் மருந்துக்கடை விளக்குப்பலகைக்கு மேலே அப்படியே நிற்கிறது. மேலே கயிறு தொய்ந்து தொங்குகிறது. அதைத் தாங்கிக்கொண்டிருந்தது உன் குரல் ஒன்றுதான். நீ மறுபடி மறுபடி கத்தினாய். ரேடியோவும் அக்காவும் ஜனங்களை இழுத்து இழுத்துத் தள்ளினார்கள். கடைசி ஆளும் விலகி, நீயும் பின்னால் போன பிறகுதான் அது விழுந்தது. தெரு பிளந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இந்த வாயுள்ள பிள்ளையால் ஒரு தெருவே பிழைத்தது. உன் தோழியிடம் நான் தோற்றுவிட்டேன் என்று சொல்.

ஏணி இறங்கி ஓடிவருவதற்குள் நீ இல்லை. அக்கா சொன்னார்: "பொண்ணுக்குத் தொண்டையே போயிடுச்சு. தண்ணி குடுத்தேன். முகத்துல முழிக்கக் கூடாதாம்னு ஒரு தாள்ல எழுதிக் காட்டிட்டு பஸ் ஏறிடுச்சு." தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன். நாலு பேர் பார்த்தார்கள். நாற்பது பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார்: "அந்தப் பொண்ணு யாரு? உங்களுக்குத் தெரியுமா?" சூப்பர்வைசர், சிக்னல்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லாரும் நிற்கிறார்கள். இத்தனை வருஷப் பழக்கம், 'அக்கா பொண்ணு' என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்தது.

"என் பொண்ணு" என்றேன். சரியாகக் கேட்கவில்லை என்றார். எழுந்து நின்று சொன்னேன்: "என் பொண்ணுங்க. நான் பெத்த பொண்ணு." பிரேக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

இந்தத் தடவை மூட்டை கட்டப்போவதில்லை. வாசலில் வரிசை வரும். வரட்டும். முடிந்ததைச் செய். முடியாததை முடியாது என்று சொல்ல, ஆறு வயதில் உனக்குக் குரல் இல்லை. இப்போது இருக்கிறது. கல் வந்தால் முன்னால் நான் நிற்கிறேன்.

தொண்டைக்கு வெந்நீர் குடி. பெற்றோர் நாளுக்கு வருகிறேன். வார்டன் யார் என்று கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ வாசலுக்கு வந்து ஒரே ஒரு தடவை கூப்பிடு. விடுதி முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடு.

உன்,
அம்மா