கிழக்குப் பக்க விளிம்பு

ஆகஸ்ட் 6, வியாழன்

கச்சான் காற்று. முற்றம் கூட்டி முடிக்கவில்லை, அதற்குள் மாவிலை முழுக்க விறாந்தையில். பள்ளிக்கூட லீவு என்பதால் நான் சும்மா இருக்கிறேன் என்று இவருக்கு நினைப்பு. "உனக்கென்ன, லீவுதானே" என்றார். தேங்காயைக் கொஞ்சம் பலமாக உடைத்தேன்.

வாங்க: சவர்க்காரம், கருவாடு, இவருடைய சேட்டுக்கு நாலு பட்டன்.

டவுன் மண்டபத்தில் தையல், பூவேலைக் கண்காட்சி இன்று தொடக்கம். ஞாயிறு வரை. நல்ல துணிகளைத் தெரிந்தெடுத்துக் கொழும்புக் கண்காட்சிக்குக் கொண்டுபோவார்களாம். எனக்குத் தையல் பட்டனோடு சரி. ஆனால் பார்க்கப் பைத்தியம்.

அடுத்த வீட்டு மார்சலினைக் கூப்பிட்டேன். (பெயர் நீளம். இனி மா.) போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிப் பெண்களின் தையலுக்கு ஊரில் எப்போதும் மதிப்பு. அதிலும் மா.வின் கையென்றால் கேட்கவே வேண்டாம். மணப்பெண் முக்காடு, தேவாலயப் பீடத்து விரிப்பு எல்லாம் அவள்தான். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். முன்பு டச்பாரில் கடலுக்குக் கிட்ட வீடு. சுனாமியில் வீடும் போய், மகள் ரொஸாலினும் போனாள். அன்றோடு ஊசியைக் கீழே வைத்தவள்தான். இப்போது கேக் செய்து விற்கிறாள்.

"நான் வரல்ல ரீச்சர். ஊசியக் கண்டாலே கை நடுங்குது."

"தைக்கவா கூப்பிடுறன்? பாக்கத்தானேகா."

"கேக் வேகுது."

வேகும்வரை வாசற்படியிலேயே குந்தியிருந்தேன். என் தொல்லை தாங்காமல் வெளிக்கிட்டாள்.

மண்டபத்துக்குள் போனதும் கால் நகரவில்லை. கிரான் ஊர்ப் பெண்கள் பழைய சேலைத் துண்டுகளைப் பொருத்தி ஒரு முழு வயல்வட்டையையே தைத்திருக்கிறார்கள். வயல், வரம்பு, வாய்க்கால், கொக்கு. ஒவ்வொரு வயலும் ஒவ்வொரு பச்சை. இடம்பெயர்ந்து முகாமில் கிடந்தபோது செய்ததாம். பக்கத்தில் நின்ற பெண் விரலால் காட்டினாள்:

"இந்தத் துண்டு என்ட வயல். அங்கால மச்சாள்ற. மச்சாள்ற சேலை கிழிசல், அதான் அவட வரம்பு கோணலாக் கிடக்கு."

மச்சாள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "ஓமோம், இவட வரம்பு மட்டும் நேராக்கும்!" வயிறு நோகச் சிரித்தேன். மா.வும் கொஞ்சம்.

காத்தான்குடி ஜெசீமா என்ற பெண்ணின் தொழுகைத் தொப்பிகள். என்ன நுணுக்கம்! வெள்ளைத் தொப்பி முழுக்கக் கடுகளவு பூக்கள். 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்திருந்தது. மா. கண்ணாடியைப் போட்டாள், தொப்பியை எடுத்தாள், உட்பக்கத்தைப் புரட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"முடிச்சே இல்லியே!"

ஜெசீமா சிரித்தாள். "சுஜூது செய்யக்குள்ள நெத்தி நிலத்தில படும் அன்ரி. முடிச்சு கிடந்தா உறுத்தும்."

இரண்டு பேரும் நூல் கதையில் இறங்கிவிட்டார்கள். நான் ஒருத்தி நிற்பதே மறந்துபோய்விட்டது. பட்டன் வாங்க நானும் மறந்தேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

சரியான வெக்கை. கறண்ட் இல்லை. சோற்றுக்குப் புளியாணம், கருவாட்டுப் பொரியல்.

மா. தானாகவே மதிலடியில் வந்து நின்றாள். "அந்தத் தொப்பியில கடைசி இழைய எங்க ஒளிச்சிரிக்கா எண்டு விளங்கல்ல ரீச்சர்." இரவு நித்திரை இல்லையாம். சந்தோஷத்தில் எனக்குச் சோறு குழைந்துவிட்டது. இவர் அதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், நல்ல மனுசன்.

ஆகஸ்ட் 8, சனி

மறுபடியும் போனோம். நேற்றுத்தான் கொண்டுவந்து மாட்டிய துணி ஒன்று, தேற்றாத்தீவுப் பெண்களுடையது. கதவளவு பெரிசு. மேற்கே வாவி, வெயில் பட்ட தண்ணீர்போல எத்தனை நீலம்! தோணி, இறால் கூடு, நீர்க்காகம். பிறகு வயல், பெரிய றோட்டு, றோட்டில் ஒரு பஸ், பஸ்ஸுக்குள் சன்னலோரம் ஒரு பெண் தலையை வெளியே நீட்டிச் சத்தியெடுக்கிறாள்! அதைத் தைத்த கைக்கு என்ன கொடுத்தாலும் தகும். கோயில், வீடுகள், தென்னை, கொடியில் காயும் துணி.

அதற்குக் கிழக்கே ஒன்றுமில்லை. ஒரு முழம் வெறும் வெள்ளைத் துணி. அந்த விளிம்பு மடித்துத் தைக்கவும் இல்லை. பிசிர் தொங்குகிறது.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி: "கடல் எங்க? முடிக்கல்லயா?"

கண்காட்சிக்குப் பொறுப்பான பிள்ளை கொழும்பிலிருந்து வந்தவள். கெட்டவள் இல்லை. துணியில் அவளுக்கும் ஆசை. தைத்தவர்களிடம் சொன்னாள்: "அக்கா, இதுதான் இங்க ஆகச் சிறந்தது. ஆனா முடியாத வேலைய நான் எப்பிடிக் கொண்டுபோறது? ஒரு நீலக் கோடு போட்டாலும் போதும். நாளைக்குப் பின்னேரம் பெட்டி கட்டிருவாங்க."

தைத்தவர்களில் மூத்தவள் யோகம்மா. நீல நூலைக் கொடுத்தார்கள், வாங்கி மற்றவளிடம் நீட்டினாள். அவள் அடுத்தவளிடம். யாரும் ஊசியில் கோர்க்கவில்லை.

"நூல் முடிஞ்சதால இல்ல மிஸ். கடல் ஏறி வந்த அந்தப் பக்கத்த மடியில போட்டுத் தைக்க ஒருத்திக்கும் மனம் வரல்ல. ஓரம் அடிக்கவும் ஏலாமப் போச்சு. கொழும்புக்குப் போகாட்டியும் பரவால்ல."

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு யோகம்மா துணியைத் தடவிக்கொடுத்தாள். ஒரு வருசத்துக்கு மேல் அந்தத் துணியோடு கிடந்தவர்கள். எனக்கு அந்தப் பிள்ளையோடு சண்டை பிடிக்கவேண்டும்போல இருந்தது. எதைச் சொல்லிப் பிடிப்பது?

திரும்பிப் பார்த்தால் மா. அந்த வெறும் துணிக்கு நேரே நிற்கிறாள். கூப்பிட்டேன், கேட்கவில்லை. வீட்டுக்கு வரும்போது பாலத்தில் நல்ல காற்று, மா. எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். கூட்டிக்கொண்டு போனதே பிழையோ என்று மனம் அடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பூசை முடிந்து மா. நேரே இங்கே. வெள்ளைச் சட்டை, செபமாலை கையில்.

"உங்கட்ட ஊசி இரிக்கா ரீச்சர்? வெள்ள நூலும்?"

பட்டன் தைக்கும் ஊசிதான் இருந்தது. "ஐயோ, இது கடப்பாரை" என்றாள். ஆனாலும் எடுத்துக்கொண்டாள். இவருடைய சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஓடினேன்.

மண்டபத்தில் பாதித் துணிகள் கழற்றியாயிற்று. தேற்றாத்தீவுத் துணி ஒரு பக்கத்தில், யோகம்மா அதை மடிக்கத் தொடங்கியிருந்தாள். மா. போய் முன்னால் நின்றாள்.

"உங்கட துணி. நான் கடல் போடமாட்டன். ஓரம் மட்டும் அடிச்சுத் தரவா?"

யோகம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எந்தப் பக்கம்?"

"டச்பார்."

யோகம்மா துணியை அப்படியே மா.வின் மடியில் வைத்தாள், கிழக்குப் பக்கம் மேலே வர.

மா. விளிம்புக்குச் சமாந்தரமாகச் சில இழைகளை உருவினாள். பிசிரை உள்ளே மடித்தாள். உருவிய இடத்தில் நின்ற குறுக்கு இழைகளைக் கொத்துக் கொத்தாகப் பிடித்துக் கட்டி, அதோடு சேர்த்து மடிப்பையும் தைத்தாள். பீடத்து விரிப்புக்குத் தைக்கிற தையல். முதல் நாலைந்தும் கோணல். கை அப்படி நடுங்கியது. "சீ, மூதேவி" என்று தன்னையே திட்டினாள், பிரித்தாள், திரும்பத் தொடங்கினாள். அதற்குப் பிறகு நடுங்கவில்லை. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. பெட்டி கட்டுகிறவர்களும் வந்து நின்று பார்த்தார்கள். யோகம்மா பக்கத்தில் குந்தி, துணி நிலத்தில் படாமல் ஏந்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மற்றப் பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

வெறும் துணி வெறும் துணியாகவே கிடந்தது. ஆனால் ஓரம் வளர வளர அது வேண்டுமென்றே விட்ட இடம் என்று என் மரமண்டைக்கே விளங்கிற்று. இத்தனை அழகான ஓரத்தை நான் மணமகள் முக்காட்டிலும் கண்டதில்லை. அழுதேன், மறைக்கவில்லை.

மா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியைத் தூக்கி அந்தக் கொழும்புப் பிள்ளைக்கு முன்னால் விரித்தாள்.

"எங்க சொல்லுங்க பாப்பம் மகள், இப்ப முடியல்லயெண்டு."

அந்தப் பிள்ளை விளிம்பை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தானே பெட்டியைத் திறந்து, எல்லாத் துணிக்கும் மேலே அதை வைத்தாள்.

வீட்டுக்கு வர இவர் கேட்டார், சேட்டுக்குப் பட்டன் எங்கே என்று. ஊசி இல்லை என்றேன். ஊசியை மா. திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.