ரேடியேட்டரில் அம்மன்

ஏப்ரல் 6, ஞாயிறு

அண்ணனின் சிநேகிதர் ரமேஷ்குமார் இன்றிலிருந்து ‘டீம் மேனேஜர்’. அவரே அறிவித்துக்கொண்டார். டீம் என்பது என் அண்ணன் இளங்கோ, அவனுடைய ரேஸ் பைக், ரமேஷ்குமாரின் கறுப்புக் கண்ணாடி. நான் டீமில் இல்லை. டீ போட்டேன். இந்த வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள், அதுவும் மெக்கானிக்கல், போட்ட டீயில் சர்க்கரை குறைவு என்றார் மேனேஜர்.

வண்டிக்கு லைட் கிடையாது, ஹாரன் கிடையாது. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும். மே 18 அன்று மலைக்குக் கீழே, சமவெளியில் ரேஸ். கோயம்புத்தூர் டீம் ஒன்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறது: “ஜெயிக்க வேண்டாம், நிக்காம ஓட்டி முடி, எடுத்துக்கறோம்.” போன தடவை இன்ஜின் சூடேறிப் பாதியில் நின்றுவிட்டது. இந்தத் தடவையும் நின்றால் அவ்வளவுதான், திரும்ப மலையில் மிளகுக்கொடிதான். அவனுக்கு அது தெரியும். இரவில் சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஏப்ரல் 9

ரேடியேட்டரைக் குனிந்து பார்த்தேன். கீழ்ப்பாதி முழுக்க வெள்ளி டேப். மார்கழிப் பனியில் இன்ஜின் சூடேறவில்லை என்று காற்றை மறைக்க இவர்களே ஒட்டியது. பனி போயிற்று, டேப் போகவில்லை. அதற்கு மேல், அகலத்துக்கு, எட்டுக்கை அம்மன் ஸ்டிக்கர். காற்று புகுந்து தண்ணீரைக் குளிரவைக்க வேண்டிய இடம் அது. ஒரு ஈ புக வழியில்லை.

அண்ணனிடம் சொன்னேன். “அதான் புள்ள வண்டிக்கு மூஞ்சி” என்றான். மேனேஜர் சிரித்தார். “சாமி படத்தப் பிய்க்கச் சொல்லுது பாரு. இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைய ரொம்பப் படிக்க வெக்கக் கூடாதுங்கறது.”

நான் சொன்ன பதில்: “சரிங்கண்ணா.”

சரிங்கண்ணாவாம்!

ஏப்ரல் 13, ஞாயிறு

வாசலூர்பட்டி ஏரிப் பக்கம் புதிதாகப் போட்டு இன்னும் திறக்காத ரோட்டில் சோதனை ஓட்டம். விடியற்காலை. எதிரே வரும் மாடு தெரியாத அளவுக்கு மூட்டம். நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஜின் வெப்பம் 84 டிகிரிதான். “பாத்தியா?” என்று மீட்டரைப் போட்டோ எடுத்தார் மேனேஜர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எடுத்தார்.

ஏப்ரல் 22

ரேடியேட்டரில் ஊற்ற, சூடு தணிக்கிற பச்சை கூலன்ட் கொண்டுவந்தார் மேனேஜர். ரேஸ் விதியில் வெறும் தண்ணீர்தான் என்று தெளிவாக இருக்கிறது. பச்சை ஒழுகினால் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான். விதிப் புத்தகத்தில் அவர் பார்த்தது அட்டைப்படம் மட்டும். சோறு போடும்போது அண்ணனிடம் சொன்னேன். நல்லவேளை, இதையாவது கேட்டான். செம்மேட்டில் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் வாங்கி ஊற்றினோம்.

மே 4

கத்திரி பிறந்தாயிற்று. மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளிக்கு இறக்கி உச்சி வெயிலில் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள் என்றேன். மேனேஜர் கறுத்துப்போய்விடுவாராம்.

மே 10, சனி

ஒருவழியாகக் காரவள்ளி. வீட்டுமனை போட்ட இடத்தில் காலி ரோடு, மதிய வெயில். அண்ணன் ஐந்தாறு சுற்றுதான் போயிருப்பான். 113. குழாய் வழியாகக் கொதிநீர் பீய்ச்சியது.

“தண்ணி ஊத்துனா கொதிக்காம என்ன பண்ணும்? பச்சைய ஊத்த உட்டுதா இந்தப் புள்ள?” என்றார் மேனேஜர். அண்ணன் என்னைப் பார்த்தான். நம்பிவிட்டான். வண்டியை ஏற்றிக்கொண்டு வேனில் மலைமேல் வரும்வரை எல்லா வளைவிலும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

டேப்பு ஒட்டுனது யாரு? நானா? எதுக்கு இந்தாளுக்கு நான் பயப்படறேன் — கண்ணாடியக் கழட்டுனா கண்ணு கூசுற ஆளு — எதுக்கு?

மே 11

அம்மாவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, ரேடியேட்டர் முன்னால் கையைக் காட்டச் சொன்னேன். அம்மா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“ஏங்கண்ணு, இந்த அனல்ல உக்கார வெச்சா அம்மனுக்கு மட்டும் வேகாதா? மேல தூக்கி வை சாமி.”

வண்டி ஆறியதும் வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றிப் படத்தைப் பெயர்த்து, பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டினோம். அம்மாவே கற்பூரம் காட்டினாள். டேப்பையும் உரித்தேன். அதற்குள் சேறும் செத்த பூச்சியும் அடையாக இருந்தன. பல் துலக்கும் பிரஷால் எடுத்தேன். மடங்கிய தகடுகளை ஊக்கால் நிமிர்த்தினேன். புதுத் தண்ணீர் ஊற்றி, உள்ளே தங்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும்வரை காத்திருந்தேன்.

அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான். “சரிம்மா” என்றான். அம்மாவிடம்! ஒரு மாதமாக நான் சொன்னதுதான்.

மே 18, ஞாயிறு

வீட்டு டேபிள் பேனைத் தூக்கிக்கொண்டு போனேன். “பொண்ணு ஊட்டுச் சீரா?” என்றார் மேனேஜர். சுற்றிலும் ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு பேன் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியில் தெரியாது போலிருக்கிறது.

ரேஸுக்கு முன் அண்ணனை வண்டியில் உட்காரவைத்து, இன்ஜினை உறுமவிட்டு, செல்போனில் நேரலை போட்டார். நிற்கிற வண்டிக்குக் காற்று ஏது? 97. 101. 105. சுற்றிலும் ஆண்கள்.  போனேன். கைப்பிடியில் இருந்த, இன்ஜினை அணைக்கிற சிவப்பு ஸ்விட்ச்சை அமுக்கினேன்.

“ஏ புள்ள! லைவ் போய்ட்டிருக்குது!”

“லைவு போனாப் போவுதுங்க. இன்ஜின் போனா?”

இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்ததா? பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர் டீம்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, “பேன இன்னுங் கிட்ட வை தேனு” என்றான்.

முடித்துவிட்டான். பதினோராவது. மீட்டர் நூறைத் தொடவில்லை.

மே 20

மேனேஜர் நன்றி சொல்லிப் பதிவு போட்டிருக்கிறார். அம்மனுக்கு, ஸ்டிக்கர் கடைக்கு, தன் விடாமுயற்சிக்கு. போட்டோவின் ஓரத்தில் எங்கள் வீட்டு டேபிள் பேன் இருக்கிறது.

மே 29

கோயம்புத்தூர் டீமில் சேர்ந்துவிட்ட அண்ணன் அங்கிருந்து பேசினான்.

“இங்க மெக்கானிக்குக்கு இன்னொரு ஆள் வேணுமாம். அன்னைக்கு ஸ்விட்ச்ச அமுக்குன புள்ள வருமான்னு கேக்கறாங்க.”

“உங்க மேனேஜரு?”

“அவரு தானா வாரேன்னு போன் பண்ணுனாராம். யாருன்னு கேட்டுட்டுப் போன வெச்சுட்டாங்க.”

 ஒன்றே ஒன்று கேட்டேன்.

“அங்க டீ யாரு போடறாங்க?”

“மெஷின் இருக்குது புள்ள.”

வாரேன் என்றேன்.