வாரத்துக்கு ஒன்று

பிப்ரவரி 3, செவ்வாய்

கரடி இன்றும் அடுப்பைக் கெடுத்தார். எங்கள் கன்ட்ரோல் ரூமின் மூத்த ஆபரேட்டரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். பெயிண்ட் உலர்த்தும் அடுப்பில் சூடு குறைகிறதென்று வால்வைத் திறந்தார். உடனே ஏறவில்லை. இன்னும் திறந்தார், இன்னும். கடைசியில் சூடு எகிறி உள்ளே இருந்ததெல்லாம் கருகியது.

"அடுப்பு மெதுவாத்தான் அசையும்ணே. ஒரு தடவ திருப்பிட்டு கையக் கட்டிட்டு உக்காருங்க" என்றேன். உனக்கு வாய்தான்டா எஞ்சினியர் என்றார்.

மதியம் மருத்துவமனை. அக்காவுக்குச் சிறுநீரகம் கொடுக்க இப்போது எனக்குத் தகுதியில்லையாம். ரத்தம் பொருந்துகிறது, மற்றதெல்லாம் பொருந்துகிறது. சர்க்கரைதான். இன்னும் நோயாகவில்லை, வாசலில் நிற்கிறது. இந்த வயதில்! வைட்டமின் டி வேறு எட்டு. முப்பதாவது இருக்க வேண்டுமாம். ஜன்னலே இல்லாத அறையில் வேலை பார்ப்பவனுக்கு வேறு எவ்வளவு இருக்கும்?

டி குறைந்தவர்களுக்குச் சர்க்கரையும் ஏறியிருப்பதை நிறையப் பார்க்கிறோம் என்றார் டாக்டரம்மா. எதனால் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். டி மாத்திரை வாரத்துக்கு ஒன்று. நட, எடையைக் குறை, மூன்று மாதம் கழித்து வா.

மூன்று மாதம்!

பிப்ரவரி 5

அக்காவோடு டயாலிசிஸ் அறையில் இருந்தேன். அவளுக்கு நாளெல்லாம் சேர்த்து அரை லிட்டர் தண்ணீர்தான், மாத்திரை விழுங்குவதும் அதற்குள். உதடு வெடித்திருக்கிறது. ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு பேசுகிறாள்.

"கிட்னி கொண்டு வாடான்னா சர்க்கரையக் கொண்டு வந்திருக்க."

அவள் சிரித்தாள், எனக்கு வரவில்லை. அத்தானுக்கு ரத்தம் பொருந்தவில்லை. அம்மாவுக்கு இதயம் சரியில்லை. என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரி 8

கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். டி குறைந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை என்கிறார்கள். அப்படியானால் டி ஏறினால் சர்க்கரை இறங்க வேண்டும். குறை பெரிது, திருத்தமும் பெரிதாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்பது அவசரமில்லாதவர்களுக்கு.

தினம் ஒன்று. கூடவே கால்சியம். மருந்துக்கடைக்காரர் இத்தனை எதற்கு என்றார். வீட்டில் எல்லோருக்கும் என்றேன்.

மார்ச் 4

வேலைக்கு நடந்தே போகிறேன். பெல்ட்டில் ஓட்டை புதிதாகப் போட வேண்டியதாயிற்று. பசியே எடுப்பதில்லை. நல்லதுதான்.

மார்ச் 17

தாகம். எவ்வளவு குடித்தாலும் அடங்காத தாகம். ஷிஃப்ட் முழுக்கக் கழிவறைக்கு ஓடுகிறேன். "என்னடா, வாஷர் தேஞ்சிடுச்சா?" என்கிறார் கரடி.

இது சர்க்கரையேதான். வாசல்ல நின்னது உள்ள வந்து உக்காந்துடுச்சு. டெஸ்ட் எடுக்கப் பயமா இருக்கு. எடுத்தா எழுதிடுவாங்க, அழிக்க முடியாது. அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்? இன்னும் என்ன பண்ணணும் நான்?

மார்ச் 18

இன்றிலிருந்து தினம் இரண்டு.

மார்ச் 24

நேற்று கன்ட்ரோல் ரூமிலேயே வாந்தி எடுத்து விழுந்தேனாம். நினைவில்லை. கரடிதான் மருத்துவமனைக்குத் தூக்கி வந்திருக்கிறார்.

சர்க்கரை இறங்கியிருக்கிறது. நன்றாகவே இறங்கியிருக்கிறது.

ஏறியிருப்பது கால்சியம். டி அளவு, அவர்கள் இயந்திரம் காட்டும் எல்லைக்கும் மேலே. தாகம், ஓட்டம், வாந்தி எல்லாம் அதனால்தான். என் சிறுநீரகம் இரண்டும் அடிபட்டிருக்கின்றன.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "எடை குறைஞ்சதுல சர்க்கரை இறங்கியிருக்கும். சொன்ன மாதிரி வாரத்துக்கு ஒண்ணு போட்டு நடந்திருந்தாலே..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

அக்காவுக்குக் கொடுப்பது?

"அத இனிமே நினைக்காதீங்க தம்பி."

போட்ட மருந்து உடனே வெளியேறாதாம். உடம்புக் கொழுப்பில் தங்கி, மாதக்கணக்கில் மெதுவாகக் கசியுமாம். மெதுவாக அசைவது என்றால் என்னவென்று எனக்கா தெரியாது?

கரடி மாலை வரை படுக்கைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 26

அத்தான் அக்காவிடம் சொல்லிவிட்டார். அவள் போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 14

வெயிலில் போகக் கூடாது. கால்சியம் கூடாது. நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்.

அக்காவின் பெயரைக் காத்திருப்போர் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். யார் தருவார்கள், எப்போது, யாருக்கும் தெரியாது.

இன்று டயாலிசிஸ் அறைக்குப் போனேன். நான் விழுந்ததற்குப் பிறகு முதல் தடவை. என்னைப் பார்த்ததும், இளைச்சுட்டியே என்றாள். அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் ஒளித்து வைத்து, வராந்தாவுக்குப் போய்ப் போய்க் குடித்துவிட்டு வந்தேன். மறுபடி எழுந்தபோது ஊசி இல்லாத கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஓடுற? இங்கயே குடி."

"வேணாம்க்கா."

"குடிடா. உனக்கும் கிட்னி போயிட்டா நான் யாருகிட்ட கேக்கறது?"

குடித்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. நான் விழுங்கும்போதெல்லாம் அவள் தொண்டையும் அசைந்தது.