வாளியின் விலை

திருப்போரூர்
9.8.1999

அப்பாவுக்குச் செண்பகத்தின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாளா? நான் நலம். பள்ளிக்கூட வேலை பழகிவிட்டது, விடுதிச் சாப்பாடுதான் இன்னும் பழகவில்லை.

நேற்று பிளாஸ்டிக் வாளி வாங்கப் போனேன். போன மாதம் ஐம்பது ரூபாய் சொன்ன அதே வாளிக்கு ஐம்பத்தெட்டு கேட்டான் கடைக்காரன்.

“டாக்ஸ் ஏறிகீதும்மா, நான் இன்னா பண்றது?”

ஏறியது நூற்றுக்கு இரண்டு. ஐம்பதுக்கு ஒரு ரூபாய். மீதி ஏழு ரூபாய் எந்தச் சர்க்காருக்குப் போகிறது? அதுவும் வரி ஏறும் முன்பே வாங்கி அடுக்கிய சரக்கு. கடை நிறைய ஆள் இருக்க, “எங்கப்பாவும் கோவில்பட்டியில கடைதான் வச்சிருக்காரு. வரிக்கு மேல ஒத்த பைசா ஏத்தமாட்டாரு” என்று கத்திவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. “ஒங்கப்பாவ ஒரு தபா கேட்டுப் பாரும்மா” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

வாளி வாங்காமலே வந்துவிட்டேன். சித்தப்பா இந்தப் பக்கம் வந்தால் நம் கடை வாளி ஒன்று கொடுத்தனுப்புங்கள். வரி ஏறியதிலிருந்து நல்ல லாபம் என்று போன கார்டில் எழுதியிருந்தீர்கள். நம் கடையில் இப்போது வாளி என்ன விலை? பதிலைக் கார்டில் எழுத வேண்டாம், விடுதியில் எல்லாரும் படிக்கிறார்கள். கவரில் வைத்து ஒட்டி அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

செண்பகம்