லிஸ்பனில் யாழினி, பூன் லேயில் நான்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. துணி மாட்டிய மூங்கில் கம்புகளை உள்ளே இழுத்தாயிற்று.

யாழினி லிஸ்பன் போய்ச் சேர்ந்துவிட்டாள். கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு. ஒரு செமஸ்டர் அங்கே. ஜூன் வரை. வழியனுப்பும்போது அழுதேன். என் கணவர் என் தோளைத் தட்டி, "எல்லா அம்மாவும் இப்படித்தான், விடு" என்றார்.

பிரிவுத் துயரம் இல்லை அது. இங்கே மட்டும் எழுதலாம்: பொறாமை. பெற்ற பெண்மேல்.

வாங்க: சலவைத்தூள், முட்டை, அவர் முதுகுக்குத் தைலம்.

பிப்ரவரி 11, புதன்

பல் கிளினிக்கில் கூட்டம். கவுண்டரில் என்னோடு வேலை பார்க்கும் ஜமீலா அக்கா விடவில்லை.

"கண்ணு ஏன் செவந்திருக்கு? புள்ளைய நெனச்சு அழுதியா?"

"ஆமாக்கா."

"வீடியோ கால் இருக்குல்ல. ஜூன் வந்தா வந்துடுவா லா."

தன் வடையில் பாதியைக் கொடுத்தார். கூச்சமாக இருந்தது. தின்றேன்.

உண்மையில் நடந்தது வேறு. வேலைக்கு வரும்போது ரயிலில் அவள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மேட்டில் ஏறும் மஞ்சள் டிராம். நீல ஓடு பதித்த சுவர். ஒரு காப்பிக்கடை மேசை, வரைகிற நோட்டு, அவள் தனியாக. யாரிடமும் கேட்காமல், யாருக்கும் சமைக்காமல். என் இருபத்தோராவது வயதில் இடுப்பில் அவள். நானும் கட்டட வரைபடம்தான் படித்தேன் பாலிடெக்னிக்கில். பாதியோடு சரி.

அவுட்ரமில் ரயில் மாற மறந்து ஒரு ஸ்டேஷன் தாண்டிப் போய்விட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

சாயங்காலம் பேசினாள். அங்கே காலை. முடியைக் கழுத்துவரை வெட்டியிருக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை.

தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா பெயர் திரேசா. "என்னை அவங்க மகள்னே சொல்றாங்கம்மா! மீன் குழம்பு மாதிரி ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க."

இங்கே மீன் பொரித்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறவள்.

இப்போது திரேசாமேலும் பொறாமை. யாழினியின் வாழ்க்கையும் எனக்கில்லை, யாழினியும் எனக்கில்லை.

மார்ச் 26, வியாழன்

புழுக்கம். அரை நாள் லீவு, தலைவலி.

யாழினி துள்ளிக்கொண்டு அழைத்தாள். அங்கே ஓர் அலுவலகத்தில் பயிற்சி வேலை தருகிறார்களாம். ஆகஸ்ட் வரை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

"அப்பாகிட்ட நீங்க பேசுங்கம்மா, ப்ளீஸ். நீங்க சொன்னா கேப்பார்."

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது: "அப்பாவுக்கு பிரஷர் ஏறிடுச்சு. உன்னையே நெனச்சுட்டு இருக்கார். ஜூன்ல வந்துடும்மா."

குரலில் இருந்த துள்ளல் போய்விட்டது. பிறகு, "சரிம்மா. வேணாம்னு சொல்லிடறேன்."

தலைவலி போய்விட்டது. பாட்டு முணுமுணுத்தபடி மிளகாய்ச் சம்பல் இடித்தேன். என்ன மனுஷி நான்.

மார்ச் 27, வெள்ளி

கப்பல் பட்டறையிலிருந்து அவர் வந்தார். கையில் போன்.

"எனக்கு பிரஷராம். மாத்திரை சாப்பிட்டீங்களான்னு உன் மக கேக்கிறா. எனக்கு யாரு பிரஷர் பார்த்தா?"

சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"அவ அங்க இருக்கிறது பொறுக்கலைங்க."

"பிரிஞ்சு இருக்க முடியல, அதானே?"

"இல்ல. நான் எங்கயும் போகல. அவ போயிட்டா. அதான்."

அவர் தட்டைத் தொடவில்லை. "இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"நீங்க கேக்கல."

பாத்திரங்களை அவரே கழுவினார்.

மார்ச் 28, சனி

அவளை அழைத்தேன்.

"அப்பா நல்லாத்தான் இருக்கார். நான் பொய் சொன்னேன்."

"ஏம்மா?"

"பொறாமை."

"என்மேலயா?"

"உன்மேலதான்."

சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை. சிரிக்கவில்லை. "நான் ரெண்டு நாளா தூங்கல, தெரியுமா? அப்பாவுக்கு ஏதாவது ஆயிடும்னு..." வைத்துவிட்டாள்.

நியாயம்.

பிறகு ஒரே ஒரு வரி மெசேஜ்: "வேலைக்குச் சரின்னு சொல்லப் போறேன்."

"சொல்லு" என்று அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு; படித்துவிட்டாள்.

மார்ச் 31, செவ்வாய்

வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது.

யாழினி இன்னும் என்னிடம் பேசவில்லை. நான் அங்கே போகப்போவதை அவளிடம் சொல்லவில்லை. நான் தங்குவதற்கு ஓர் அறை தேட வேண்டும், மேட்டுப் பக்கம், திரேசா வீட்டிலிருந்து தள்ளி. அவரிடம் சொன்னேன். "தனியாவா?" என்றார். "தனியா." தலையாட்டினார்.

கிளினிக்கில் மே மாதம் பத்து நாள் லீவு கேட்டேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"என்ன வசந்தி, மகளைப் பார்க்கப் போறீங்களா?"

"இல்ல டாக்டர். லிஸ்பனைப் பார்க்க."